மக்கள் பணத்தில் ஆய்வு – 6: பால் ஊற்றியவர்களின் ஆதரவு

அமெரிக்க மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதை விற்ற பணத்தில் விவசாயமும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகளைத் தொடங்கவைத்த 1862-ஆம் ஆண்டின் மாரில் சட்டத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். கல்லூரிகள் வந்தன, விவசாயிகளின் நம்பிக்கை வரவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் வேளாண் கல்லூரியைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்துத் தனியாக நடத்த வேண்டும் என்ற கோரிக்கை 1880களில் வலுத்தது. ஏட்டுப் படிப்புக்காரர்களிடம் நம் வேலை நடக்காது என்பது அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணத்தை மாற்றியதில் பெரும் பங்கு ஒரு கண்ணாடிக் குப்பிக்கு உண்டு.

அப்போது வெண்ணெய், சீஸ் ஆலைகள் பாலை எடை போட்டுத்தான் காசு கொடுத்தன. தண்ணீர் கலந்தவருக்கும் ஏட்டை எடுத்துவிட்டு ஊற்றியவருக்கும் ஒரே விலை. கெட்டிப்பால் கொண்டுவந்தவர் தினமும் நஷ்டப்பட்டார். அக்கம்பக்கத்தில் சந்தேகமும் சண்டையும். கொழுப்பை அளக்க ஆய்வகத்தில் வழி இருந்தது, ஆனால் அதற்கு ரசாயனம் படித்தவர் வேண்டும், நேரம் வேண்டும். 1888-இல், பல்கலைக்கழகம் இருந்த மாடிசன் நகருக்கு வந்த வேதியியலாளர் ஸ்டீபன் பாப்காக்கிடம், ஆலைத் தொழிலாளியே செய்யக்கூடிய சோதனை ஒன்றைக் கண்டுபிடிக்கும்படி வேளாண் துறைத் தலைவர் வில்லியம் ஹென்றி கேட்டுக்கொண்டார்.

1890-இல் பாப்காக் அதை வெளியிட்டார். பாலில் ஏறக்குறைய அதே அளவு கந்தக அமிலம் ஊற்றினால் கொழுப்பு தவிர மற்றதெல்லாம் கரைந்துவிடும். குப்பியை வேகமாகச் சுழற்றி, வெந்நீர் ஊற்றினால், கொழுப்பு மேலேறிக் குறுகிய கழுத்தில் நிற்கும். கழுத்தில் உள்ள கோடுகளைப் படித்தால் விடை. சில நிமிட வேலை. அவர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். நேர்மையாகப் பால் ஊற்றியவருக்கு உரிய காசு கிடைத்தது. கொட்டிலில் எந்த மாடு தின்ற தீவனத்துக்குப் பலன் தருகிறது, எது தரவில்லை என்பதும் தெரிந்தது.

ஆராய்ச்சிக்கு மக்கள் ஆதரவு திரட்டுவது பற்றிப் பேசும்போதெல்லாம் விளம்பரம், விழா என்று போகிறோம். மாடிசனில் நடந்தது வேறு: மக்களுடைய மனக்குறை ஒன்று ஆய்வுக் கேள்வியாக மாறியது, விடை இலவசமாக அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பல்கலைக்கழகத்தின் பயன் மாநிலத்தின் ஒவ்வொரு வீட்டையும் எட்டும்வரை தனக்கு நிறைவில்லை என்று பின்னாளில் அதன் தலைவர் சார்லஸ் வான் ஹைஸ் சொன்னபோது, சொல்லிக்காட்ட ஓர் உதாரணம் அவர் கையில் இருந்தது.

விவசாயிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்குமான அந்த உறவு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 1933 பிப்ரவரி சாட்சி. மாடுகள் ரத்தம் கசிந்து சாவதைப் பார்த்துப் பதறிய விவசாயி ஒருவர், கொட்டும் பனியில் வண்டி ஓட்டி மாடிசனுக்கு வந்தார். செத்த கிடாரி, உறையாத ரத்தம் நிறைந்த பால்கேன், கெட்டுப்போன தீவனம், எல்லாவற்றையும் கொண்டுவந்து பல்கலைக்கழக வேதியியலாளர் கார்ல் லிங்க்கின் ஆய்வகத்தில் சேர்த்தார். அன்று அவருக்கு உதவ லிங்க்கிடம் மருந்து எதுவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்து, அந்தத் தீவனத்தில் ரத்தத்தை உறையவிடாத பொருளை அவரது குழு பிரித்தெடுத்தது. இன்று இதய நோயாளிகள் விழுங்கும் வார்ஃபரின் அந்த வழியில் வந்ததே.

இந்த ஆதரவுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தத் தொடரை எழுத எனக்கு மனமில்லை. 1943, பக்கத்து மாநிலமான அயோவா. ஏம்ஸ் நகரில் இருந்த அரசுக் கல்லூரியின் பொருளாதார ஆய்வாளர் ஆஸ்வால்ட் பிரவுன்லீ, போர்க்காலத்தில் வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் செய்யும் மார்ஜரினைப் பயன்படுத்தலாம், சத்திலும் சுவையிலும் அது குறைந்ததல்ல என்று சிறு வெளியீடு ஒன்றில் எழுதினார். பால்பண்ணை அமைப்புகள் கொதித்தெழுந்தன. கல்லூரி பணிந்து வெளியீட்டைத் திரும்பப் பெற்றது. துறைத்தலைவர் தியோடர் ஷூல்ட்ஸ் பதவியை உதறிவிட்டுச் சிகாகோ போனார். 1979-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரைத் தொடர்ந்து சகாக்கள் பலரும் வெளியேறினார்கள்.

பால்காரர்கள் கெட்டவர்கள் அல்ல. பிழைப்பைக் காக்கத்தான் குரல் எழுப்பினார்கள். ஆனால் அந்தக் கல்லூரிக்கு வரி கட்டியவர்களில் விலைகுறைந்த மார்ஜரினை வாங்கிச் சமைத்த வீடுகளும் இருந்தன. அவர்களுக்காகப் பேச ஒரு சங்கமும் அங்கே வந்து நிற்கவில்லை.

(தொடரும்)