கப்பலுக்கு முந்திய இரவு

கடலோடியாவது பொருள் தேடு என்று சொன்ன ஔவையார், கப்பல் ஏறுவதற்கு முந்திய இரவு எங்கே படுப்பது என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அதை நம் முன்னோர்கள் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். புலம்பெயர்ந்த தமிழரைப் பற்றிப் பேசும்போது நாம் கப்பலைப் பற்றிப் பேசுகிறோம். தோட்டத்தைப் பற்றியும் துறைமுகத்தைப் பற்றியும் பேசுகிறோம். ஊரை விட்டுக் கிளம்பியவர் கப்பல் வரும்வரை எங்கே காத்திருந்தார் என்பதை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். அவர் விருந்தாளியாக நடத்தப்பட்டாரா, சரக்காக நடத்தப்பட்டாரா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட சில இடங்களை அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டிப்பேட்டையும் சத்திரமும்

ஐரோப்பாவில் விடுமுறைக்குப் போகிறவர்கள் படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டியைக் காரின் பின்னால் இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிறார்கள். மறுநாள் காலைக் கப்பலுக்காக அருகில் ஒரு திடலில் வண்டியை நிறுத்தி இரவைக் கழிக்கிறார்கள். அதற்குப் பெயர் கேரவன். நமக்கோ கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. நம்முடையது மாடு பூட்டிய கூண்டு வண்டி. நிறுத்தும் இடத்துக்குப் பெயர் வண்டிப்பேட்டை.

வண்டிப்பேட்டை என்பது ஊர் எல்லையில் ஒரு திறந்த வெளி. மாட்டை அவிழ்த்துக் கட்ட இடம், தண்ணீர்த் தொட்டி, ஒரு கிணறு, நிழலுக்கு இரண்டு மரம். இவ்வளவு போதும். மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு மனிதர்கள் வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கொள்வார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நகராட்சிகள் வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வசூலித்தன. மாடுகள் போய் லாரிகள் வந்த பிறகும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அந்தப் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

வண்டிப்பேட்டைக்கு அடுத்த படி சத்திரம். இராமேசுவரம் போகும் வழி நெடுகத் தஞ்சை மராட்டிய மன்னர்களும் இராமநாதபுரம் சேதுபதிகளும் சத்திரங்கள் கட்டி, அவற்றின் செலவுக்கு நிலங்களையும் எழுதிவைத்தார்கள். இராமேசுவரம் ஒரு தீவு. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்படும் வரை, யாத்திரிகர் யாராக இருந்தாலும் மண்டபத்துக்கருகில் உள்ள தோணித்துறைக்கு வந்து, தோணி ஏறித்தான் பாம்பனுக்குப் போயாக வேண்டும். காற்று பலமாக இருந்தால் தோணி கிளம்பாது. அதனால் அங்கே தங்குமிடம் என்பது வசதிக்காக அல்ல, கட்டாயத்தால் எழுந்தது.

சத்திரத்தை நாம் தருமத்தின் அடையாளமாகப் போற்றுகிறோம். போற்ற வேண்டியதுதான். ஆனால் அங்கே எல்லாருக்கும் ஒரே பந்தி இருந்ததில்லை. பிராமணர்களுக்குச் சமைத்த சோறு, மற்றவர்களுக்குத் தாமே சமைத்துக்கொள்ள இடம், தாழ்த்தப்பட்டவர்களுக்கு வாசலுக்கு வெளியே மரத்தடி என்று பல இடங்களில் வழக்கம் இருந்தது. கடல் கடந்து கூலி வேலைக்குப் போனவர்களில் பெரும் பகுதியினர் அந்த மரத்தடியைச் சேர்ந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

மண்டபம் கேம்ப்

பாலம் திறந்த அதே 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையிலிருந்து இரயில், இடையில் சிறிது கடல், மறுகரையில் மீண்டும் இரயில் என்று கொழும்பு வரை போகலாம். இதுவே புகழ்பெற்ற 'போட் மெயில்'. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களும் இந்த வழியில்தான் போனார்கள். ஆனால் அவர்களால் நேரே கப்பலேற முடியாது. இடையில் மண்டபம் முகாம் இருந்தது.

இந்திய மண்ணில் இருந்தாலும் இதை நடத்தியது இலங்கை அரசு. காலரா, அம்மை, பிளேக் ஆகிய நோய்கள் தோட்டங்களுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். வந்தவர்களைச் சில நாள் வைத்திருந்தார்கள். குளிக்க வைத்து, துணிகளை நீராவியில் போட்டு, அம்மை குத்தி, நோய் இல்லை என்று உறுதியான பிறகே அனுப்பினார்கள். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகரவில்லை ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது. முகாமில் சோறு உண்டு, கூரை உண்டு, மருத்துவரும் உண்டு. சத்திரம் வெளியே நிறுத்தியவர்களையும் இது உள்ளே சேர்த்துக்கொண்டது. ஆனால் நினைத்தபோது எழுந்து போகும் உரிமை மட்டும் அங்கே கிடையாது.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே ஆண்டு கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தோட்டத் தமிழர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, அவர்கள் வந்து தங்கியதும் மண்டபத்தில்தான். 1980-களில் இலங்கையில் போர் மூண்ட பிறகு அகதிகளாக வந்தவர்களுக்கும் அதுவே முகாமாயிற்று. போகிறவர்களுக்காகக் கட்டிய இடம் வருகிறவர்களுக்கான இடமாக மாறியது. சில நாள் தங்குவதற்கென்று எழுந்த இடத்தில் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கின்றன. இரயில் நிலையத்தின் பெயர் இன்றும் 'மண்டபம் கேம்ப்' தான்.

நாகப்பட்டினத்தில் மூன்று நாள்

சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நமக்கு மிகவும் நெருக்கமான காத்திருப்பு நாகப்பட்டினத்தில் நடந்தது. மலாயாவுக்கு உதவிப் பயணச் சீட்டில் வந்த தொழிலாளர்களுக்காகச் சென்னையை அடுத்த ஆவடியிலும் நாகையை அடுத்த பாப்பாகோவிலிலும் முகாம்கள் இருந்தன. கங்காணி அழைத்துவந்த ஆட்களைப் பரிசோதித்து, கப்பல் வரும்வரை அங்கே வைத்திருந்தார்கள். 1938-இல் இந்திய அரசு இத்தகைய தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இது நடந்தது. சொந்தக் காசில் சீட்டு வாங்கியவர்கள் சத்திரத்திலோ, உறவினர் வீட்டிலோ, கடைத் திண்ணையிலோ தங்கினார்கள்.

ஆங் மோ கியோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலை வேளைகளில் உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒருவர், 1951-இல் சிறுவனாக, தாயுடன் 'ரஜுலா' கப்பலில் வந்தவர். ஊர் மன்னார்குடிப் பக்கம். தகப்பனார் முன்பே இங்கே துறைமுக வேலையில் இருந்தார். "எங்கே தாத்தா தங்கினீங்க?" என்று கேட்டேன். "சத்திரத்துத் திண்ணையிலதான் தம்பி. ஒரு ராத்திரின்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்க. மூணு நாள் ஆயிடுச்சு. கட்டிக்கிட்டு வந்த புளிச்சோறு ரெண்டாம் நாளே தீந்துபோச்சு. அம்மா டிரங்குப் பெட்டி மேல தலைய வச்சுத்தான் தூங்கும், யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு" என்றார்.

மூன்று நாள் ஏன் ஆனது? நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க ஆழம் இல்லை. கப்பல் வெகு தொலைவில் நங்கூரம் போடும். பயணிகளும் மூட்டைகளும் படகில் போய்த்தான் ஏற வேண்டும். அலை அதிகமானால் படகு போகாது. கப்பல் கண்ணுக்குத் தெரியும்; ஏறத்தான் முடியாது. அந்த நாட்களில் கைக்காசு கரையும். அம்மை குத்திய சான்றிதழ் சரியாக இருக்கிறதா என்று மறுபடி மறுபடி பார்க்கத் தோன்றும். "சீக்கிரம் ஏற்றிவிடுகிறேன்" என்று சொல்லிப் பணம் கேட்கும் தரகர்கள் சுற்றி வருவார்கள். அந்தத் தாயிடமும் ஒரு தரகர் இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு போனாராம். மறுபடி கண்ணில் படவில்லையாம்.

காத்திருந்தவர்கள் பக்கத்திலுள்ள நாகூருக்குப் போய் வருவதும் உண்டு. முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் நாகூர் ஆண்டவரிடம் கடல் பயணத்துக்காக வேண்டிக்கொண்டார்கள். அந்த வேண்டுதல் கடல் கடந்தும் வந்தது. தெலுக் ஆயர் சாலையில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் சூலியா முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்காவை இன்றும் பார்க்கலாம். அக்காலத்தில் அந்தச் சாலைதான் கடற்கரை. கரையேறியவர் நன்றி சொல்ல அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை.

இக்கரையில் இன்னொரு காத்திருப்பு

கப்பல் வந்து சேர்ந்ததும் பயணம் முடிந்துவிடவில்லை. சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874 முதல் நோய்த் தடுப்பு முகாம் இயங்கியது. கப்பலின் திறந்த தளத்தில் பாய் விரித்து வந்த ஏழைப் பயணிகளே பெரும்பாலும் அங்கே இறக்கப்பட்டார்கள். அறை எடுத்து வந்தவர்கள் நேரே நகருக்குப் போனார்கள். நகருக்கு வந்த பிறகும் ஆளுக்கொரு இடம். செட்டியார்களின் கடைகளில் வேலைக்கு வந்தவர்களுக்கு மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் இருந்தன. மற்றவர்கள் ஊர்க்காரர் ஒருவரின் முகவரியை நம்பி வந்தார்கள்.

1926-இல் கட்டப்பட்ட ரஜுலாவின் சேவை 1973-இல் முடிந்தது. ஆங் மோ கியோவில் அடுக்குமாடி வீடுகள் எழத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அதன்பின் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்களைப் பலிகொண்டது. அதோடு நாகப்பட்டினம் வழியாகச் சிங்கப்பூர் வரும் பயணிகள் கப்பலின் காலமும் முடிந்தது.

இன்றும் தேவைப்படும் அறிவு

நாகப்பட்டினத்தில் காத்திருப்பு முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. சில நாளில் மழைக்காலத்தால் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. உறவினரைப் பார்க்க அவ்வழியே யாழ்ப்பாணம் போக விரும்பும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தவிருங்கள். கப்பல் உண்டா என்று உறுதி செய்த பிறகே ஊரை விட்டுக் கிளம்புங்கள். முந்திய இரவு நாகையிலோ நாகூரிலோ தங்குங்கள். நாகூர் யாத்திரைத் தலம் என்பதால் எளிய விடுதிகளுக்குக் குறைவில்லை. கையில் ஒரு நாள் செலவுக்குக் கூடுதலாகவே பணம் வைத்துக்கொள்ளுங்கள். கடலின் மனநிலை அன்றும் இன்றும் ஒன்றுதான்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் செயின்ட் ஜான்ஸ் தீவுக்காவது போய் வரலாம். ஆங் மோ கியோவில் இரயில் ஏறினால் மாறாமலேயே மரினா சவுத் பியர் நிலையத்தில் இறங்கலாம். படகு அங்கிருந்தே கிளம்புகிறது. நம்மில் பலருடைய பாட்டனும் பாட்டியும் இந்த நகரத்தை முதலில் பார்த்தது அந்தத் தீவிலிருந்துதான்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் வீட்டில் இருந்தால், "எந்தக் கப்பல்?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "கப்பல் வரும்வரை எங்கே தங்கினீர்கள், யார் சோறு போட்டார்கள், எத்தனை நாள் ஆனது?" என்று கேட்டு எழுதி வையுங்கள். கப்பலின் பெயரும் தேதியும் ஆவணங்களில் கிடைக்கும். திண்ணையில் பெட்டி மேல் தலைவைத்து விழித்திருந்த இரவைப் பற்றி அவர்கள் மட்டுமே சொல்ல முடியும். அப்படிச் சொல்லக்கூடியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது.