பூந்திக்கொட்டைத் தண்ணீர்

சமையற்கட்டுக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று என்று வர்ண வர்ணமான புட்டிகளை வாங்கி அடுக்கி, அவற்றின் நெடி நாசியில் ஏறினாலொழிய வீடு சுத்தமானதாக மனம் ஒப்பாத ஒரு நிலைக்கு நாம் வந்திருக்கிறோம். கதவடைத்த அறைகளில் அந்த நெடியைக் குழந்தைகளும், இரைப்பு நோயுள்ள முதியோரும் நாள்தோறும் சுவாசிக்கிறார்கள் என்பதை நினைக்கையில், இந்தப் புட்டிகளில் பாதியாவது நமக்கு அவசியந்தானா என்று யோசித்துப் பார்ப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அழுக்குகள் யாவும் ஒரே சுபாவமுடையவை அல்ல. எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம் வேண்டும். செம்புக் குடத்தின் களிம்புக்கும், குழாய் முனையில் படியும் உப்புக் கறைக்கும் புளிப்பு வேண்டும். விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் என்ற க்ஷாரம் பாத்திரத்துப் பிசுக்கை இளக்குவதையோ, புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்ஸைடைக் கரைப்பதையோ ரசாயன சாஸ்திரம் படித்து அறியாத நம் பாட்டிமார், எதற்குச் சாம்பல், எதற்குப் புளி என்பதைக் கைப்பழக்கத்திலேயே தெரிந்துவைத்திருந்தார்கள். விறகடுப்பு போய்விட்ட வீடுகளில் சாம்பலின் வேலையைச் சலவைச் சோடா செய்யும்; அலுமினியப் பாத்திரத்துக்கு மட்டும் அது ஆகாது, கறுத்துவிடும். சலவைக்கல் தரையில் புளியோ எலுமிச்சையோ படக்கூடாது. சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் பலன் இரட்டிக்கும் என்று எண்ணுவோர் காண்பது பொங்கும் நுரையைத்தான். ஒன்றன் சக்தியை மற்றொன்று போக்கிவிடுகிறது.

இத்தகைய எளிய சரக்குகளுள் பூந்திக்கொட்டைக்கே நான் முதலிடம் தருவேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அந்தச் சுருங்கிய காய்களில் 15 எடுத்து நசுக்கி, உள்ளிருக்கும் கறுத்த கெட்டி விதையை நீக்கி, பிசுபிசுப்பான தோலை மாத்திரம் ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். காலையில் சிறு தீயில் 20 நிமிஷம் கொதிக்கவிட்டால் நுரை விளிம்புவரை ஏறி வரும். ஆகவே பாத்திரம் பெரியதாயிருப்பது நல்லது. ஆறியபின் தோலைக் கையால் நன்றாகக் கசக்கிப் பிழிந்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் பழுப்பு நிறமான தண்ணீர் கிடைக்கும். இரண்டொரு நாளில் புளித்துவிடுமாதலால், அவ்வப்போது வேண்டிய அளவே செய்துகொள்வது உத்தமம்.

இதில் நுரைப்பது சாப்போனின் என்னும் பதார்த்தம். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் சவுக்காரம் கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் கூடித் திப்பிதிப்பியாகப் படிந்துவிடும். சாப்போனினுக்கு அந்தத் தோஷம் இல்லை. சவுக்காரத்தின் காரம் பட்டு நூலின் மினுமினுப்பைக் கெடுப்பதுபோல இது கெடுப்பதுமில்லை. பட்டுப் புடவையை அலசவும், பொற்கொல்லர் பட்டறையில் நகையைத் துலக்கவும் இதையே நாடிவந்ததற்குக் காரணம் அதுதான். ஆயினும், மரத்தில் விளைந்தது என்பதனாலேயே இதை நிரபாயமானதென்று கொள்ளலாகாது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சாப்போனின் மீன்களுக்கு விஷமாதலால் குளத்திலும் மீன்தொட்டியிலும் இந்தத் தண்ணீர் கலக்கக்கூடாது.

குளியலறையில் ஆசிட் ஊற்றிய கையோடு பிளீச்சிங் பவுடரையும் தூவும் வழக்கம் பல வீடுகளில் இருப்பதுதான் என்னை மிகவும் கலங்கச் செய்கிறது. அவை சேர்ந்தால் எழுவது குளோரின். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரு நகரருகே ஜெர்மானியப் படை எதிரிகளின்மேல் ஏவிய அதே விஷவாயு. நம் அடுக்களைச் சரக்குகள் அழுக்கை நீக்குமேயன்றி நோய்க் கிருமிகளைக் கொல்லுமென்று நம்பியிருக்க முடியாது. ஆதலால் வீட்டில் வாந்திபேதி கண்டால் பிளீச்சிங் பவுடரின் உதவி தேவைதான். அப்போது அதைத் தண்ணீரில் தனியே கரைத்து, வேறெதையும் சேர்க்காமல், ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு உபயோகிக்க வேண்டும்.