ஊறுகாய் ஜாடியும் ஜீப் டயரும்

கம்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா வாங்கிய பழைய மகிந்திரா ஜீப் தோப்பு வீட்டு ஷெட்டில் நிற்கிறது. வருஷத்துக்கு நாலைந்து தடவை வெளியே எடுத்தால் அதிகம். இஞ்சினைப் பிரித்துச் சரிசெய்து, புது ஹூடும் தைத்துப் போட்டு, இந்தக் கோடையில் குடும்பத்தோடு மலைக்குப் போகலாம் என்று கிளம்பும் நேரத்தில் மெக்கானிக் டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "அஞ்சையும் மாத்திடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டாராம். "பட்டன் கொஞ்சமும் தேயவில்லை. ஓடாத டயர் எப்படிக் கெட்டுப்போகும்? வியாபாரத்துக்காகச் சொல்கிறாரா?" என்று கேட்கிறார். கூடவே ஒரு படமும் வந்திருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டன்கள் முனை மழுங்காமல் அப்படியே இருக்கின்றன. ஆனால் இரண்டு பட்டனுக்கு நடுவிலுள்ள பள்ளத்தின் அடியிலும், தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே டயர் பிதுங்கும் இடத்திலும் மயிரிழை போன்ற கோடுகள். எல்லாம் ஒரே திசையில், பக்கத்தில் பக்கத்தில். மெக்கானிக் சொன்னதில் தப்பில்லை. அந்த டயர் ஓடாமல் நின்றதாலேயே இன்னும் சீக்கிரம் கெட்டிருக்கிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு ரப்பர் பேண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எவர்சில்வர் டம்ளரின் மேல் இழுத்து மாட்டுங்கள். இன்னொன்றை அதன் பக்கத்திலேயே தளர்வாகப் போடுங்கள். வெயில் நேரே படாத, ஆனால் காற்று நன்றாக வரும் ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடுங்கள். நான் வைத்ததில் மூன்றாவது வாரம், டம்ளரில் இருந்தது லென்ஸ் வழியாகப் பார்த்தால் குறுக்குக் குறுக்காக வெடித்திருந்தது. தளர்வாகக் கிடந்தது விரலில் இழுத்தால் இன்னும் நீண்டது. ரப்பரும் காற்றும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்று இழுபட்டிருந்தது, மற்றது படவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

வெட்டியது ஓசோன். வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கிறது என்று பள்ளியில் படித்த அதே ஓசோன் தரையை ஒட்டிய காற்றிலும் கொஞ்சம் இருக்கிறது. பத்துக் கோடி மூலக்கூறுகளை எண்ணினால் அதில் மூன்று நான்கு ஓசோனாக இருக்கும். ரப்பருக்கு அந்த அளவே போதும். இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலியில் ஐந்து கார்பனுக்கு ஒரு இரட்டைப் பிணைப்பு உண்டு. கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை முறுக்கேற்றுவதற்கு வழிவிடுவது அந்தப் பிணைப்புதான். ஆனால் கந்தகம் அவற்றில் சிலவற்றைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. மிச்சமெல்லாம் வாசலைத் திறந்துவைத்த வீடு மாதிரி அப்படியே இருக்கின்றன. ஓசோன் வந்து சரியாக அந்த இடத்தில் சங்கிலியை அறுக்கிறது. ரப்பரை ரப்பராக்கிய இடமும் அதை வெட்டும் இடமும் ஒன்றே என்பதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் குறையவில்லை.

ரப்பர் இழுபடாமல் இருந்தால் ஓசோன் மேல்தோலில் உள்ள சங்கிலிகளை அறுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். அறுந்தவையே ஒரு மெல்லிய போர்வையாகி உள்ளே இருப்பதை மறைத்துவிடுகின்றன. இழுபட்டிருந்தால் அறுந்த முனைகள் இரண்டு பக்கமும் விலகும். அடியில் புது ரப்பர் தெரியும். ஓசோன் அதையும் அறுக்கும், மறுபடி விலகும். இன்னொரு விநோதமும் உண்டு. பலமாக இழுத்த ரப்பரில் வெடிப்புகள் நிறைய வரும், ஆனால் ஆழம் குறைவு. லேசாக இழுத்த ரப்பரில் வெடிப்புகள் கொஞ்சம்தான், ஆனால் ஆழமாக இறங்கும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் ஜீப்பின் டயர், வண்டியின் பாரத்தில் பிதுங்கி லேசாக இழுபட்டபடியே இருக்கிறது. எந்த இடம் பிதுங்கியிருக்கிறதோ அதே இடம், நாள் முழுக்க, மழையும் வெயிலும் மாறி மாறி.

அப்படியானால் எல்லா டயரும் மூன்று வாரத்தில் வெடிக்க வேண்டுமே? வெடிக்காததற்குக் காரணம் டயருக்குள் இருக்கும் ஊறுகாய்ப் பக்குவம்.

ஆவக்காய் ஜாடியில் மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய் நிற்கும். அந்த எண்ணெய் காற்றைத் துண்டுகளிடம் அண்டவிடாது, பூஞ்சை பிடிக்காது. டயரில் அந்த வேலையை மெழுகு செய்கிறது. ஆனால் மெழுகை மேலே ஊற்றுவதில்லை. ரப்பரைப் பிசையும்போதே, அதில் கரையக்கூடிய அளவைவிடச் சற்று அதிகமாக மெழுகைச் சேர்த்துவிடுகிறார்கள். டயர் ஆறியதும் கரையாமல் மிஞ்சிய மெழுகுக்கு உள்ளே இடம் கிடைப்பதில்லை. அது மெல்ல மெல்ல வெளியே ஊர்ந்து வந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத தோலாகப் படிகிறது. ஜாடியின் அடியிலிருந்து எண்ணெய் தானாக ஏறி வருவதுபோல. அந்தத் தோல் தேய்ந்தால் உள்ளேயிருந்து இன்னும் கொஞ்சம் வரும். இருப்பு தீரும்வரை வரும்.

குளிரில் மெழுகு நகரவே யோசிக்கும். கடும் வெயிலில் ரப்பருக்குள்ளேயே கூடுதலாகக் கரைந்துவிடும், வெளியே வராது. அதனால் குட்டைச் சங்கிலி மெழுகு, நெட்டைச் சங்கிலி மெழுகு என்று இரண்டு மூன்றைக் கலந்து போடுகிறார்கள். மார்கழி மூணாற்றில் ஒன்று வேலை செய்யும், சித்திரைக் கம்பத்தில் இன்னொன்று. எண்ணெய்க் கலவையில் கைதேர்ந்தவர்கள் டயர் வேதியியலாளர்கள்.

மெழுகுத் தோலுக்கு ஒரு குறை உண்டு. டயர் நிற்கும்போது அது கெட்டியாகக் காக்கும். சக்கரம் சுழன்று ரப்பர் வளைந்து நிமிரும்போது அந்தத் தோல் கீறிவிடும். அதற்காக இரண்டாவது காவலாளாக ஒரு வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது. அதன் பெயரைச் சுருக்கி 6பிபிடி என்பார்கள். ஓசோன் ரப்பரைத் தொடும் முன்பே ஓடிப்போய்த் தன்னையே அதற்குக் கொடுத்துவிடும். பழைய டயரின் பக்கவாட்டில் செம்பழுப்பாக ஒரு கறை படிந்திருக்குமே, அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுவோமே, அதில் பெரும்பகுதி இப்படி வெளியே வந்து வேலை முடித்த காவலாள்தான்.

ஊறுகாய் ஜாடியைப் பாட்டிமார் தினம் ஒரு தடவை குலுக்கிவிடச் சொல்வார்கள், எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகட்டும் என்று. டயருக்கு அந்தக் குலுக்கல் ஓட்டம். ஓடும்போது ரப்பர் சூடாகிறது, கசங்குகிறது, மெழுகும் காவலாளும் மேலே வருகிறார்கள். ஷெட்டில் நிற்கும் ஜீப் குலுக்காத ஜாடி. ஜாடியின் வாயைத் துணியால் கட்டுவதுபோல டயருக்கு வெயில் படாமல் மூடுவதும் பலன் தரும். ஈரக் கரண்டியை மட்டும் உள்ளே விடக் கூடாது. பெட்ரோலியக் கரைப்பான் கலந்த பளபளப்புத் திரவத்தை டயரில் பூசுவது அந்த ஈரக் கரண்டி. அது மெழுகைக் கரைத்து எடுத்துவிடும். கண்காட்சிக்கு வரும் பழைய ஜீப்புகளின் டயர்கள் கண்ணாடியாக மின்னுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஷெட்டில் வெல்டிங் செட் இருந்தால் அதையும் தள்ளி வைக்க வேண்டும். மின்பொறி பறக்கும் இடத்தில் ஓசோன் பிறக்கும்.

இந்தக் காவலாளுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில், மழை பெய்து சாலைத் தண்ணீர் கலந்ததும் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதந்தன. வருஷக்கணக்கில் காரணம் பிடிபடவில்லை. 2020 டிசம்பரில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: டயர்த் துகளிலிருந்து வந்த 6பிபிடி, ஓசோனோடு சேர்ந்ததும் உருவாகும் குயினோன் என்ற நச்சுதான் காரணம். மாற்றுப்பொருள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பசுமை டயர் என்று விளம்பரம் செய்பவர்களிடம் நான் முதலில் கேட்க விரும்புவது இதைத்தான்.

வரலாறு ஒரு பத்தி போதும். கந்தகத்தைச் சேர்த்து ரப்பரைச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் கண்டது 1839இல். காற்றடைத்த சக்கரத்துக்கு ராபர்ட் தாம்சன் 1840களிலேயே காப்புரிமை வாங்கினார். அது மறந்துபோய், 1888இல் டன்லப் மறுபடி கண்டுபிடித்தார். ரேடியல் டயருக்கு மிஷலின் 1946இல் காப்புரிமை பெற்றது. அதே 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஒரு சின்னப் பட்டறை போட்டார். அதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப்.

இனி கம்பம் ஜீப்புக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தியது, யோசிக்கவே வேண்டாம். வாகன நிறுவனங்கள் சில 6 வருஷம் என்கின்றன. டயர் நிறுவனங்கள் சில அதிகபட்சம் 10 என்கின்றன. எண்ணை மட்டும் பார்த்துத் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன், வெடிப்பைப் பார்க்க வேண்டும். ஆனால் வெடிப்பு தெரியாத டயருக்கும் உள்வயது உண்டு. உள்ளே அடைத்த காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பருக்குள் ஊடுருவி அதைக் கெட்டிப்படுத்திக்கொண்டே இருக்கும். நைட்ரஜன் அடித்தால் இது நின்றுவிடும் என்று பெட்ரோல் பங்குகளில் சொல்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். மிச்ச ஆக்சிஜனைக் குறைத்தால் உள்வயது கொஞ்சம் மெதுவாகும், உண்மை. வெளியிலிருந்து வெட்டும் ஓசோனை அது என்ன செய்யும்?

கெட்டிப்பட்ட டயரைத் தோப்புக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில்தான் தெரியும். ஜீப் சக்கரத்தின் சுற்றளவு இரண்டேகால் மீட்டர் அளவில் இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்குப் பத்துச் சுற்று சுற்றும். ஒவ்வொரு வெடிப்பும் விநாடிக்குப் பத்துத் தடவை திறந்து மூடும். மணிக்கு 36,000 தடவை. கழற்றிய டயரை மாட்டு டயர் வண்டிக்குக் கொடுத்தால் அங்கே இன்னும் சில காலம் ஓடும். மாட்டின் வேகத்தில் டயர் சூடேறாது.

எதை வாங்குவது? மெக்கானிக் அகல டயர் போட்டால் 'கெத்தா' இருக்கும் என்றும் சொன்னாராம். இதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. தரையில் படியும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாரமும் காற்றழுத்தமும்தான். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ, காற்று 25 பவுண்டு என்றால் சுமார் 170 சதுர சென்டிமீட்டர் படியும். அகல டயர் போட்டாலும் ஏறக்குறைய அதே பரப்புதான். உருவம் மட்டும் மாறும்: நீளமாக இருந்தது குட்டையாகி அகலமாகும். மணலில் மிதக்க அகலம் உதவும். ஆனால் நம் மலைப் பாதைகளில் மேலே சேறு, அடியில் பாறை. அங்கே ஒடுங்கிய டயர் சேற்றை அறுத்துக்கொண்டு பாறையைப் பிடிக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் அகல டயர் கையை ஒடிக்கும், முழுக்கத் திருப்பினால் பட்டை ஸ்பிரிங்கில் உரசும். அந்தக் காலத்து ஜீப்புக்கு அளந்து போட்ட 6.00-16 இன்றும் சரியான அளவுதான். பகல் முழுக்கச் சரளைப் பாதை என்றால் நைலான் டயர், தார் ரோடு அதிகம் என்றால் ரேடியல். பழைய ரிம்மில் டியூப்லெஸ் டயரை டியூப் இல்லாமல் போடக் கூடாது. டயரின் விளிம்பு நழுவாமல் பிடித்துக்கொள்ளும் மேடு அந்த ரிம்மில் இருக்காது. டியூபையும் புதிதாகவே போடுங்கள். பழைய டியூப் நீண்டுபோயிருக்கும், புது டயருக்குள் மடிந்து உட்கார்ந்து மடிப்பிலேயே அறுந்துவிடும்.

இரண்டை மட்டும் இப்போது மாற்றலாமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன, நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. முன் டயர் ஒரு சுற்றளவு, பின் டயர் இன்னொரு சுற்றளவு என்றால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வித்தியாசம் கியர்ப்பெட்டிக்குள் முறுக்காக ஏறும். சேற்றில் சக்கரம் வழுக்கி முறுக்கு கழிந்துவிடும். காய்ந்த தரையில் கழிய வழியில்லை, அச்சும் கியரும் தாங்க வேண்டும். நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருப்பதுதான் நல்லது.

ஐந்தாவதைப் பற்றி வாசகர் ஒரு வரி சேர்த்திருக்கிறார். ஸ்டெப்னி ஒரு நாளும் மாட்டப்படவில்லை, புத்தம் புதிது, அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்கிறார். படத்தின் ஓரத்தில் அது தெரிகிறது, வண்டியின் பின்புறம் தொங்குகிறது. ஷெட்டின் கூரை அங்கே முடிந்துவிடுகிறது, பாதி டயரில் வெயில் விழுந்திருக்கிறது. ஐந்தில் ஒரு தடவைகூட உருளாதது அதுதான். முதலில் அதன் நான்கு இலக்கத்தைப் படித்து எனக்கு எழுதுங்கள்.