ஆசிரியரின் மரணமும் லின் கான்வேயின் வாழ்வும்

1

'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று யாராவது ஒருத்தர் சொல்லாமல் நம் கூட்டங்கள் முடிவதில்லை. நானும் சொல்லியிருக்கிறேன். தமிழ் எம்.ஏ. வகுப்பில் நூலாசிரியர் வரலாறு, காலம், சமயம் என்று மனப்பாடம் செய்து அலுத்துப்போயிருந்த எனக்கு, எழுதியவரின் பிடியிலிருந்து பிரதியை விடுவிக்கலாம் என்ற ரோலான் பார்த்தின் வாதம் பெரிய ஆசுவாசமாக இருந்தது. அந்த ஆசுவாசம் பொய் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் லின் கான்வே என்ற கணிப்பொறி விஞ்ஞானியின் வாழ்க்கையை வாசித்த பிறகு அந்த வாக்கியத்தை முன்போலச் சுலபமாகச் சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆண்டுகளைப் பார்த்துவிடலாம். பார்த்தின் கட்டுரை 1967இல் ஆங்கிலத்திலும் 1968இல் பிரெஞ்சிலும் வெளியானது. 1969 பிப்ரவரியில் ஃபூக்கோ பாரிசில் ஆசிரியர் என்பது என்ன என்ற கேள்வியை வைத்து உரையாற்றினார். ஆசிரியரின் பெயர் ஓர் ஆளைச் சுட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. பிரதிகளை ஒன்றுசேர்க்கிறது, வகைப்படுத்துகிறது, அவற்றுக்கு ஒரு மதிப்பைத் தருகிறது. ஆகவே பெயர் என்பது ஒரு செயல்பாடு என்று வாதிட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில், 1968இல், ஐ.பி.எம். நிறுவனம் முப்பது வயதுப் பொறியாளர் ஒருவரை வேலையை விட்டுத் தூக்கியது. ஆண் என்று பதிவாகியிருந்த அவர், பெண்ணாக வாழப்போவதாகச் சொன்னதுதான் காரணம். அவர்தான் கான்வே. அவருடைய பழைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது அவர் விட்டுவந்த பெயர். அதைத் தோண்டியெடுத்து வைப்பது ஆராய்ச்சி ஆகாது.

2

கான்வே 1938இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து, பாதியில் விட்டு, பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1962, 1963 ஆண்டுகளில் பட்டங்கள் பெற்றார். 1964இல் ஐ.பி.எம்.மில் சேர்ந்தார். அன்றைக்கு இருந்த எல்லாவற்றையும்விட வேகமான கணிப்பொறி ஒன்றைக் கட்டுவது அங்கே ஒரு குழுவின் திட்டம். ஏ.சி.எஸ். என்று அதற்குப் பெயர்.

அவர் அங்கே என்ன செய்தார் என்பதைக் கல்யாண சமையலை வைத்துச் சொல்லிப்பார்க்கிறேன். கணிப்பொறிக்குத் தரும் கட்டளைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரு கட்டளைக்கு வேண்டிய எண் இன்னும் நினைவகத்திலிருந்து வந்து சேரவில்லை என்றால், பின்னால் நிற்கும் கட்டளைகள் எல்லாம் சும்மா காத்துக்கிடக்கும். புளி ஊறி முடியட்டும் என்று சமையல்காரர்கள் அத்தனை பேரும் கைகட்டி உட்கார்ந்திருந்தால் பந்தி எப்போது போடுவது? தலைமைச் சமையல்காரர் அப்படிச் செய்வதில்லை. புளி ஊறட்டும், அதற்குள் நீ பொரியலுக்குக் காய் நறுக்கு, நீ அப்பளம் பொரி என்பார். ஆனால் புளியைக் கரைக்காமல் குழம்பு கூட்ட விடமாட்டார். எதற்கு எது முன்தேவை என்பது அவர் தலைக்குள் இருக்கிறது.

அந்தத் தலையை மின்சுற்றாக ஆக்கியதுதான் கான்வேயின் கண்டுபிடிப்பு. காத்திருக்கும் பல கட்டளைகளை ஒரே நேரத்தில் பார்வையில் வைத்துக்கொண்டு, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று கணித்து, தயாராக உள்ளவற்றை, வரிசை எப்படி இருந்தாலும், ஒரே வீச்சில் பலவாக அனுப்புவது. 1966 பிப்ரவரி தேதியிட்ட ஐ.பி.எம்.மின் உள் ஆவணம் ஒன்று இதை விவரிக்கிறது. எழுதியவர்கள் நால்வர், முதலில் இருப்பது கான்வே. அதே நிறுவனத்தின் இன்னொரு குழுவில் டொமாசுலோ இதற்கு நெருக்கமான முறை ஒன்றை 1967இல் வெளியிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். கான்வேயின் முறை அதைவிடப் பொதுவானது. 1990களில் சந்தைக்கு வந்த வேகமான பிராசசர்களில், கட்டளைகளை வரிசை மாற்றி ஒன்றுக்குமேல் ஒரே நேரத்தில் நிறைவேற்றும் இந்த உத்தி சாதாரணமாகிவிட்டது.

ஆனால் அது தன்னுடையது என்று கான்வே சொல்ல முடியவில்லை. இங்கேதான் ஃபூக்கோவுக்கும் நமக்கும் சிக்கல்.

3

வேலை போனதோடு திருமண வாழ்க்கையும் போயிற்று. இரண்டு பெண் குழந்தைகளைப் பார்க்கவும் வழியில்லாமல் ஆனது. அதே ஆண்டில் அறுவைசிகிச்சை செய்துகொண்டு, புதிய பெயரில், முன்கதை இல்லாத ஒரு பெண்ணாக, அடிமட்டத்திலிருந்து மறுபடி தொடங்கினார். ஒப்பந்த அடிப்படையில் புரோகிராம் எழுதும் வேலை. பிறகு மெமோரெக்ஸ் நிறுவனம். 1973இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையம்.

ஆவணக் காப்பகத்தின் பார்வையில் இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். 1968இல் மறைந்துபோன ஒரு ஆண். அதற்குப் பிறகு எங்கிருந்தோ வந்த ஒரு பெண். முதல் ஆளின் சாதனையை இரண்டாம் ஆள் உரிமை கோரினால், இருவரும் ஒருவரே என்று தெரிந்துவிடும். தெரிந்தால் இரண்டாவது வேலையும் போகும். ஆகவே சாதனை அனாதையாகக் கிடந்தது. ஏ.சி.எஸ். திட்டத்தையே 1969இல் ஐ.பி.எம். கைவிட்டது.

பெயரைத் தானே துறப்பதும் பெயர் பறிக்கப்படுவதும் ஒன்றல்ல. நம் பத்திரிகைகளில் புனைபெயரில் எழுதும் தோழர்கள் இருக்கிறார்கள். காவல்துறைக்குப் பயந்து எழுதினாலும், வீட்டுக்குத் தெரியாமல் எழுதினாலும், ஒருநாள் 'அது நான்தான்' என்று சொல்லும் சாவி அவர்கள் கையில் இருக்கிறது. கான்வே விஷயத்தில் அந்தச் சாவியைத் திருகினால் வீடே இடிந்துவிடும். ஆசிரியர் இல்லாத பிரதியைக் கொண்டாடுவதற்கு முன்னால், ஆசிரியர் எப்படி இல்லாமல் போனார் என்று நாம் கேட்டோமா?

4

ஜெராக்ஸில் இருந்தபோது கான்வே செய்த வேலை முதல் வேலையைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். 1970களில் சிப் வடிவமைப்பு என்பது குறைக்கடத்தி நிறுவனங்களின் மதிலுக்குள் இருந்த குலவித்தை. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனித்தனி விதிகள். கம்பி இவ்வளவு அகலம், இடைவெளி இவ்வளவு என்று அளவுகள் எல்லாம் அந்தந்த உற்பத்தி முறையோடு பிணைந்தவை. வெளியாள் உள்ளே நுழைய முடியாது.

கால்டெக் பேராசிரியர் கார்வர் மீடுடன் சேர்ந்து கான்வே இதை உடைத்தார். எல்லா அளவுகளையும் மைக்ரானில் சொல்வதை விட்டுவிட்டு, லாம்டா என்ற ஒரே அலகின் மடங்குகளாகச் சொன்னார். உலோகக் கம்பியின் குறைந்தபட்ச அகலம் மூன்று லாம்டா, பாலிசிலிக்கான் கோட்டுக்கு இரண்டு லாம்டா என்ற மாதிரி. தமிழ் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. வேகமாகப் பேசினாலும் இழுத்துப் பாடினாலும் விகிதம் மாறாது. லாம்டா சிப்பின் மாத்திரை. நாளை தொழிற்சாலை இன்னும் நுண்ணிய கோடு போடக் கற்றுக்கொண்டால் லாம்டாவின் மதிப்பை மட்டும் குறைத்தால் போதும். வரைபடம் அப்படியே நிற்கும். எழுதுவது வேறு, அச்சிடுவது வேறு என்று பிரிந்தது. அச்சகத்தை விலைக்கு வாங்காமலேயே எழுத்தாளர் ஆகலாம் என்ற நிலை சிப்புக்கு வந்தது.

இதைப் புத்தகமாக எழுதினார்கள். வி.எல்.எஸ்.ஐ. அமைப்புகளுக்கு ஓர் அறிமுகம் அது. 1980ஆம் ஆண்டுப் பதிப்பு. ஆனால் அதற்கு முன்பே அத்தியாயங்களை ஆய்வு மையத்தின் லேசர் அச்சுப்பொறியிலேயே அச்சிட்டு, பாடம் நடத்துகிறவர்களுக்குக் கொடுத்து, குறைகளைக் கேட்டுத் திருத்தித் திருத்தி வளர்த்தார்கள். சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பழக்கமான வேலைதான்.

1978இல் மாசாசூசெட்ஸில் கான்வே இந்தப் பாடத்தை நடத்தினார். ஒருகாலத்தில் மாணவராகப் பாதியில் விட்டுப்போன அதே கழகம். மாணவர்கள் வரைந்தது நிஜ சிப்பாகத் திரும்பி வந்தது. 1979இல் 12 பல்கலைக்கழகங்களிலிருந்து 124 பேர் வரைந்த 82 வடிவமைப்புகள் ஆர்பாநெட் வலையமைப்பின் வழியாக ஜெராக்ஸுக்கு வந்தன. ஒரே சிலிக்கான் தட்டில் பலருடைய வடிவமைப்புகளை அடுக்கி, செலவைப் பகிர்ந்து, ஹ்யூலெட்-பக்கார்டில் தயாரித்து, ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்பினார்கள். நாலு பேர் கவிதையை ஒரே ஃபாரத்தில் ஏற்றிக் காகிதச் செலவைப் பங்கிடுவது போல. ஜிம் கிளார்க்கின் முப்பரிமாண வரைகலை சிப்பின் முன்மாதிரியும் அந்த 82இல் ஒன்று. சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் அதிலிருந்து முளைத்தது. 1981இல் இந்த ஏற்பாடு மோசிஸ் என்ற நிரந்தரச் சேவையாயிற்று. சில ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இந்தப் பாடத்தை நடத்தின.

5

தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். இதற்கெல்லாம் யார் காசு? அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் காசு. ஆர்பாநெட் அவர்களுடையது. மோசிஸுக்குப் பணம் தந்ததும் அவர்கள்தான். 1983இல் கான்வே அத்துறையின் ஆய்வு முகமையில் சேர்ந்து, போர்த்தளவாடங்களுக்கான கணிப்பொறித் திட்டம் ஒன்றை வகுப்பதில் முக்கியப் பங்கெடுத்தார். இதை மறைத்துவிட்டு அவரைப் புனிதராக்க நான் தயாரில்லை. வரைபவர் ஓரிடம், தயாரிப்பவர் வேறிடம் என்ற பிரிவினை பின்னால் உலக உழைப்புப் பிரிவினையாக மாறியதையும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும். மற்றவர்களின் வடிவமைப்பைத் தயாரித்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட தைவான் நிறுவனம் டி.எஸ்.எம்.சி. 1987இல் தொடங்கியது. இன்று வடிவமைப்பாளர் பெயர் பளிச்சென்று தெரிகிறது. தொழிற்சாலையில் நிற்பவர் பெயர் தெரிவதில்லை. அறிவைப் பரவலாக்கிய அதே கத்தி இன்னொரு மறைப்பையும் செதுக்கியது. விளிம்பில் இருப்பவர் என்பதாலேயே ஒருவர் அதிகாரத்துக்கு வெளியே இருக்கிறார் என்று நாம் போட்டுக்கொள்ளும் சூத்திரமும் இங்கே உடைகிறது.

6

1985இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். 1990களின் இறுதியில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ஸ்மாதர்மன் ஏ.சி.எஸ். திட்டத்தின் வரலாற்றைத் தேடத் தொடங்கினார். மறைந்த ஆளை யாரோ தேடுகிறார்கள் என்று கான்வேக்குத் தெரிந்தது. அந்த ஆவணங்களை அவர் முப்பது ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருந்தார். 1999 முதல் மெல்லமெல்லத் தன் கதையைத் தானே சொன்னார். மின்பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.இ.இ.இ.யின் அறநெறிக் கோவையில் பால் அடையாளத்தைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்ற விதி 2014இல் வந்ததற்குப் பின்னால் அவருடைய உழைப்பும் உண்டு. 2020இல், 52 ஆண்டுகள் கழித்து, ஐ.பி.எம். மன்னிப்புக் கேட்டது.

அதற்குப் பிறகும் ஒரு பாக்கி இருந்தது. புத்தக அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தாலும் வாசித்தவர்கள் நினைவில் ஒன்றுதான் நின்றது. அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் மீடின் பெயர் 2009இல் ஏறியது. கான்வேயின் பெயர் ஏற 2023 ஆயிற்று. 2018இல் எழுதிய கட்டுரையில் கான்வே இதைச் சதி என்று சொல்லவில்லை. புதுமையை யாரிடம் எதிர்பார்க்கிறோமோ அவர்களிடம்தான் அது நம் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றவர்கள் கண்முன்னால் செய்தாலும் பதிவதில்லை என்பது அவர் வாதம். ஃபூக்கோ சொன்ன 'செயல்பாடு' நடைமுறையில் வேலை செய்யும் விதம் இதுதான். பெயர் பிரதிக்கு மதிப்புத் தருகிறது. ஆனால் எந்தப் பெயருக்கு அந்தச் சக்தி உண்டு என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது.

2024 ஜூனில், 86 வயதில், கான்வே காலமானார். பார்த்தை நான் கைவிடவில்லை. பிரதியின்மேல் ஆசிரியருக்கு இருக்கும் சர்வாதிகாரத்தை எதிர்ப்பது வேறு. ஆசிரியர் என்று ஒருபோதும் எண்ணப்படாதவர்கள் தங்கள் பெயரைக் கேட்கும்போது 'அதெல்லாம் பழைய கதை' என்று சொல்வது வேறு. அடுத்த கூட்டத்தில் யாராவது அந்த வாக்கியத்தை எடுத்தால் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: செத்தது யார், கொன்றது யார் என்று சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.