காய்ச்சலுக்குத் தனியார், ஆபரேஷனுக்கு அரசு!

பக்கத்துப் பக்கத்து நாடுகள்தான். ஆனால், ஆஸ்பத்திரியில் சேரும் வழக்கத்தில் இந்தியாவும் இலங்கையும் வேறு வேறு.

இலங்கையில் காய்ச்சல், மூட்டுவலி என்றால் பலரும் தனியார் கிளினிக்கில் பணம் கட்டி டாக்டரைப் பார்க்கிறார்கள். இதை அங்கே 'சேனல் பண்ணுவது' என்பார்கள். மாலையில் அங்கே இருப்பவர், பல நேரங்களில் பகலில் அரசு மருத்துவமனையில் இருந்த அதே டாக்டர்தான்! ஆனால், படுக்கையில் சேரும் அளவுக்கு நோய் வந்தால், 10-ல் 9 பேர் போவது அரசு மருத்துவமனைக்கு. அங்கே கட்டணம் கிடையாது.

இந்தியாவில், 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, பிரசவம் தவிர்த்து உள்நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் தனியாரிடமே சேர்ந்தார்கள். 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. அதுவும் அட்மிட் ஆனால்தான். மெடிக்கலில் மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, பி.பி. மாத்திரைக்கு நம் பணம்தான்.

அப்படியானால் இலங்கை முறையே மேலா? 2022 நெருக்கடியில், மருந்து இறக்குமதிக்கு அந்த நாட்டிடம் டாலர் இல்லை. பேராதனை மருத்துவமனை, தேதி குறித்திருந்த ஆபரேஷன்களை நிறுத்திவைத்தது. இலவசப் படுக்கை இருந்தது, மருந்து இல்லை.

இலவசமோ, காப்பீடோ, பெயரை மட்டும் நம்பிவிட முடியாது. இங்கே அட்டை வைத்திருப்பவர்கள், அந்த மருத்துவமனையும் சிகிச்சையும் திட்டத்தில் உண்டா என்று அட்மிட் ஆகும்போதே கேட்டுவிடுங்கள். பில் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.