பம்ப்செட், கருவிகளில் மரை போகிறதா? டேப் போடும் முன் துளை அளவைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மோட்டார் பம்ப்செட், பவர் டில்லர், ரோட்டவேட்டர் என எந்த இயந்திரமானாலும், போல்ட் உடைவதும் மரை தேய்வதும் விவசாயிகளுக்கு அடிக்கடி வரும் தொல்லைதான். பாலவாக்கம் போன்ற சென்னையின் கடலோரப் பகுதிகளில் இது இன்னும் அதிகம். தென்னைக்குத் தண்ணீர் இறைக்கும் மோனோபிளாக் பம்பின் போல்ட்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகி, கழற்றும்போது உடைந்துவிடும். அப்போது துளை போட்டு, டேப் கொண்டு புதிய மரை வெட்ட வேண்டியிருக்கும். இந்த வேலையில் பெரும்பாலும் தவறுவது டிரில் பிட் அளவில்தான்.

துளை சிறிதானால் டேப் இறுகி உள்ளேயே உடைந்துவிடும். டேப் கடினமான எஃகு என்பதால் சாதாரண டிரில் பிட்டால் அதைக் குடைந்து எடுக்க முடியாது. பம்ப் உடலையே மாற்ற வேண்டிய நிலைகூட வரலாம். துளை பெரிதானால் மரை ஆழமில்லாமல் போகும். இறுக்கும்போது போல்ட் வழுக்கிச் சுற்றும்.

சூத்திரம் எளிது

மில்லிமீட்டர் போல்ட்டுக்கு: போல்ட்டின் விட்டத்திலிருந்து பிட்ச் அளவைக் கழிக்க வேண்டும். பிட்ச் என்பது அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையே உள்ள தூரம். 8 மி.மீ. போல்ட்டின் வழக்கமான பிட்ச் 1.25. எனவே 8 - 1.25 = 6.75. கடையில் 6.8 மி.மீ. பிட் வாங்கினால் போதும்.

வழக்கமான பிட்ச் கொண்ட போல்ட்களுக்கான டிரில் அளவுகள்:

- எம்6 (பிட்ச் 1.0): 5.0 மி.மீ.
- எம்8 (1.25): 6.8 மி.மீ.
- எம்10 (1.5): 8.5 மி.மீ.
- எம்12 (1.75): 10.2 மி.மீ.
- எம்16 (2.0): 14.0 மி.மீ.

இந்த அளவுகளில் மரை ஏறத்தாழ முக்கால் பங்கு ஆழத்துக்கு விழும். அதுவே போதுமான பிடிப்பைத் தரும். எம்8-க்கு 7.4 மி.மீ. துளை போட்டால், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மரை நிற்கும். முழு ஆழம் வேண்டும் என்று 6.5 மி.மீ. போட்டால் வலிமை பெரிதாகக் கூடாது. டேப் உடையும் ஆபத்துதான் கூடும்.

பிட்ச்சை எப்படி அறிவது?

ஒரே விட்டத்தில் நெருக்கமான மரை கொண்ட போல்ட்களும் உண்டு. எம்10 போல்ட்டில் பிட்ச் 1.25 என்றால் துளை 8.8 மி.மீ. வேண்டும். மரை கேஜ் இல்லாவிட்டால், ஒரு மரை மேட்டில் ஸ்கேலை வைத்து, அதை விட்டு அடுத்துவரும் பத்தாவது மேடு வரை அளந்து, பத்தால் வகுக்கவும். 12.5 மி.மீ. வந்தால் பிட்ச் 1.25.

இஞ்ச் போல்ட்டில் கவனம்

பழைய டிராக்டர்களிலும் கருவிகளிலும் இஞ்ச் அளவு போல்ட்கள் இருக்கலாம். 3/8 இஞ்ச் போல்ட்டின் விட்டம் 9.5 மி.மீ.; பார்வைக்கு எம்10 போலவே தெரியும். இஞ்சுக்கு 16 மரை உள்ள 3/8 போல்ட்டுக்கு 8.0 மி.மீ. துளை வேண்டும். எம்10 என நினைத்து 8.5 போட்டால் பாதி ஆழம்தான் மரை விழும். பைப் மரை முற்றிலும் வேறு. அரை இஞ்ச் பைப் மரையின் வெளி விட்டமே சுமார் 21 மி.மீ. இருக்கும்.

மரை தேய்ந்த துளையை மீட்க

எம்8 மரை முழுவதும் போயிருந்தால், துளையை 8.5 மி.மீ. ஆக்கி எம்10 டேப் போடலாம். எம்10 போயிருந்தால் 10.2 துளையில் எம்12. ஆனால் துளையைச் சுற்றி உலோகம் போதிய தடிமன் உள்ளதா, புதிய போல்ட் எதிர்ப்பக்கப் பாகத்தின் துளையில் நுழையுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

டேப் போடும்போது கவனிக்க வேண்டியவை

- சென்டர் பஞ்ச் அடித்து, சிறிய பிட்டில் தொடங்கி, பிறகு இறுதி அளவுக்குத் துளையிடவும்.
- டேப்பை நேராக நிறுத்தவும். அரைச் சுற்று முன்னே திருகினால் கால் சுற்று பின்னே திருப்பிச் சீவலை உடைக்கவும்.
- இரும்புக்கு எண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடவும். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் தேவையில்லை.
- அடி மூடிய துளையை, மரை வேண்டிய ஆழத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் துளைக்கவும்.
- மரையின் ஆழம் எஃகில் போல்ட் விட்டம் அளவும், வார்ப்பிரும்பில் ஒன்றரை மடங்கும், அலுமினியத்தில் இரண்டு மடங்கும் இருப்பது நல்லது.
- புதிய போல்ட்டில் கிரீஸ் தடவிப் பூட்டினால் உப்புக்காற்றில் எளிதில் துருப்பிடித்து இறுகாது.

லேத் பட்டறையில் வேலையைக் கொடுத்தாலும் பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். விட்டத்தையும் பிட்ச்சையும் அளந்த பிறகே துளையிடச் சொல்லுங்கள். பெரிதாகிவிட்ட துளையை மறுபடி சிறிதாக்குவது எளிதல்ல.