ஒரே கியரில் ஓடும் கார்

தானியங்கிக் கியர் பெட்டியுடைய மோட்டார்க் கார் திடீரென ஒரே கியரில் ஓடத் தொடங்கினால், பெட்டியே கெட்டது என உடனே அஞ்ச வேண்டுவதில்லை. தில்லியில் என் காருக்கு இவ்வாறு நேர்ந்தபோது, பட்டறையொன்றில் பெட்டி முழுவதையும் மாற்றச் சொன்னார்கள்.

பெட்டியினுள் சுழலும் பல்சக்கரத்தின் அருகே, காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட வேக உணர்வி ஒன்று அமர்ந்திருக்கும். ஒவ்வொரு பல் கடக்குந்தோறும் ஒரு மின்துடிப்பு எழும். உள்தண்டு, வெளித்தண்டு இரண்டின் வேகத்தையும் இத்துடிப்புகளால் அறிந்தே கணினி கியரை மாற்றுகிறது. துடிப்பு வாராதாயின், பெட்டியைக் காக்கும் பொருட்டு ஒரே கியரில் நிலைத்துவிடும். சில கார்களில் வேகமானியின் முள்ளும் அசையாது.

குறியெண் படிக்கும் கருவி பி 0715 எனில் உள்தண்டின் உணர்வி. பி 0720 எனில் வெளித்தண்டினது. ஆனால் அவ்வெண் மின்சுற்றில் குறை என்றே கூறும். உணர்விதான் கெட்டது என்று கூறாது. அயல் மாநிலத்தில் நமக்கு மொழி தடுமாறினும் எண் தடுமாறாது. எழுதித் தரும்படி கேளுங்கள்.

முதலில் இணைப்பியில் எண்ணெய் கசிந்துள்ளதா, கம்பி அறுந்துள்ளதா எனப் பார்க்கச் செய்யுங்கள். அடுத்து, சுருளின் மின்தடையை அளந்து, காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். மூன்று கம்பியுள்ள ஹால் வகை உணர்விக்கு இச்சோதனை பொருந்தாது. அதில் மின்னழுத்தத்தையும் துடிப்பையுமே பார்த்தல் வேண்டும். உணர்வியைக் கழற்றினால் அதன் முனையையும் நோக்குங்கள். மாவு போன்ற இரும்புத் துகளாயின் துடைக்கலாம். சில்லுகளாயின் பெட்டியின் உட்புறமே தேய்ந்திருக்கக்கூடும், அப்போது பட்டறைக்காரர் சொல்லைத் தள்ளிவிடலாகாது.

என் காரில் அறுந்திருந்தது இணைப்பியருகே ஒரு கம்பி மட்டுமே.